தரவு மையங்களை வரவேற்போம், கணக்கையும் கேட்போம்

(வார இறுதித் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையும், அதைத் தொடர்ந்த கேள்வி பதில்களும் வாசகர்களுக்காக இங்கே எழுத்து வடிவில் தரப்படுகின்றன.)



ஜொகூரில் கூலாய், செடெனாக், இஸ்கந்தர் புத்ரி பக்கம் போய்வருகிறவர்கள் சன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள் எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். தொழிற்சாலை என்றால் வேலை முடிந்ததும் ஆட்கள் கூட்டமாக வெளியே வருவார்கள், வாசலில் பேருந்துகள் நிற்கும். இங்கே அந்த ஆரவாரம் எதுவும் இல்லை. ஆனால் கோடிக்கணக்கான ரிங்கிட் கொட்டப்படுகிறது. உள்ளே என்ன நடக்கிறது? நம் பகுதிக்கு இதனால் வருவது என்ன, போவது என்ன? இந்தக் கேள்விகளுக்குத்தான் இன்று விடை காண முயல்கிறோம்.

இந்தக் கட்டடங்களுக்குத் தரவு மையம் என்று பெயர். நாம் கைத்தொலைபேசியில் அனுப்பும் படம், வங்கிக் கணக்கு, இயங்கலையில் பார்க்கும் திரைப்படம், இப்போது எல்லாரும் பேசும் செயற்கை நுண்ணறிவு ஆகிய அனைத்தும் இப்படிப்பட்ட ஒரு கட்டடத்தில்தான் தங்கியிருக்கின்றன. கணினித் துறையினர் இதை 'மேகம்' என்று அழைப்பதால் எல்லாம் வானத்தில் மிதப்பதுபோல ஓர் எண்ணம் நமக்கு ஏற்பட்டுவிட்டது. உண்மையில் அந்த மேகம் தரையில் இருக்கிறது. அதற்கு நிலம் வேண்டும், மின்சாரம் வேண்டும், தண்ணீர் வேண்டும்.

ஓர் அலமாரிக்குள் 120 இஸ்திரிப்பெட்டிகள்

தரவு மையம் புதிய விஷயம் அல்ல. இருபது ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தது. அப்போது கணினிகளை அடுக்கி வைக்கும் ஓர் அலமாரிக்கு 5 முதல் 10 கிலோவாட் மின்சாரம் போதும். செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இந்தக் கணக்கு தலைகீழாக மாறிவிட்டது.

செயற்கை நுண்ணறிவு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக் கோடானுகோடி பெருக்கல்களையும் கூட்டல்களையும் ஒரே நேரத்தில் செய்யவேண்டியிருக்கிறது. அதற்கென்றே தனிச் சில்லுகள் உள்ளன. அமெரிக்காவின் என்விடியா நிறுவனம் 2022இல் அறிமுகப்படுத்திய சில்லு ஒன்று மட்டும் 700 வாட் வரை இழுக்கும். அதற்கடுத்த தலைமுறையில் 72 சில்லுகளை ஒரே அலமாரியில் அடுக்கினார்கள். அந்த ஓர் அலமாரிக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 120 கிலோவாட்.

வீட்டில் துணி தேய்க்கும் இஸ்திரிப்பெட்டி ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுக்கிறது. ஆகவே 120 இஸ்திரிப்பெட்டிகளைச் சூடாக்கி ஓர் அலமாரிக்குள் வைத்துப் பூட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான அலமாரிகள் ஒரே கட்டடத்தில், இரவு பகல் என்று பாராமல், பெருநாள் விடுமுறையும் இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

100 மெகாவாட் தரவு மையம் என்று செய்தித்தாள்களில் படிக்கிறோம். அது முழு அளவில் ஓடினால் ஒரு மாதத்திற்கு 7 கோடியே 20 லட்சம் யூனிட் மின்சாரம் செலவாகும். ஒரு குடும்பம் மாதத்திற்கு 400 யூனிட் பயன்படுத்துவதாக வைத்துக்கொண்டால், இது 1 லட்சத்து 80 ஆயிரம் வீடுகளுக்குப் போதுமான மின்சாரம்.

உலக அளவிலும் பார்ப்போம். அனைத்துலக எரிசக்தி முகவை 2025 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2024இல் உலகத் தரவு மையங்கள் பயன்படுத்திய மின்சாரம் 41,500 கோடி யூனிட். உலக மின்சாரத்தில் இது ஒன்றரை விழுக்காடு. 2030இல் இது ஏறக்குறைய 94,500 கோடி யூனிட்டாக உயரும் என்று அந்த முகவை கணிக்கிறது. ஆறே ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல்.

மண்பானை சொல்லும் பாடம்

கணினிக்குள் போகும் மின்சாரம் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வரும். அந்த வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிட்டால் சில்லுகள் நின்றுவிடும் அல்லது கெட்டுவிடும். நம் நாட்டைப் போல ஆண்டு முழுவதும் வெக்கையும் ஈரப்பதமும் நிறைந்த இடத்தில் இது எளிய வேலை அல்ல. குளிர்நாடுகளில் வெளிக்காற்றையே உள்ளே விட்டுக் குளிர வைக்கலாம். நமக்கு அந்த வசதி இல்லை.

இங்கேதான் தண்ணீர் வருகிறது. மண்பானையில் வைத்த தண்ணீர் ஏன் சில்லென்று இருக்கிறது? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கூடவே எடுத்துச் செல்கிறது. தரவு மையத்தின் குளிர்விப்புக் கோபுரங்களும் இதே முறையில் இயங்குகின்றன. ஒரு யூனிட் மின்சாரத்தால் உண்டாகும் வெப்பத்தை ஆவியாக்கி அகற்ற ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் தேவை.

நாம் முன்பு சொன்ன 100 மெகாவாட் மையம் தன் வெப்பம் முழுவதையும் இந்த முறையிலேயே அகற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 36 லட்சம் லிட்டர் ஆவியாகிவிடும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் என்று கணக்கிட்டால், 18 ஆயிரம் பேர் வாழும் ஒரு சிறு பட்டணத்தின் தண்ணீர் இது. ஆவியாகிப் போனதை நாம் திரும்பப் பிடிக்க முடியாது என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

அப்படியானால் தண்ணீரே இல்லாமல் குளிர்விக்க முடியாதா? முடியும். ஒரு முறை நிரப்பிய நீரையே மூடிய குழாய்களில் சுற்றவிட்டு, பெரிய விசிறிகளாலும் குளிர்சாதன இயந்திரங்களாலும் வெப்பத்தை வெளியேற்றலாம். ஆனால் அதற்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும். தண்ணீரை மிச்சப்படுத்தினால் மின்சாரம் கூடும், மின்சாரத்தை மிச்சப்படுத்தினால் தண்ணீர் கூடும். எந்த நிறுவனமாவது "நாங்கள் தண்ணீரே பயன்படுத்துவதில்லை" என்று பெருமையாகச் சொன்னால், மின்சாரம் எவ்வளவு என்று அடுத்த கேள்வியைக் கேட்கவேண்டும்.

குளிர்விப்பு எவ்வளவு முக்கியம் என்பதைச் சிங்கப்பூர் மக்கள் 2023 அக்டோபர் 14ஆம் தேதி நேரில் உணர்ந்தார்கள். அன்று ஒரு தரவு மையத்தின் குளிர்விப்பு முறையில் மேம்பாட்டுப் பணி நடந்தபோது கோளாறு ஏற்பட்டு, அறையின் வெப்பம் ஏறியது. டிபிஎஸ், சிட்டி ஆகிய இரு வங்கிகளின் சேவைகள் முடங்கின. ஏறக்குறைய 25 லட்சம் கட்டணப் பரிமாற்றங்களும் தானியங்கி வங்கி இயந்திரச் சேவைகளும் நிறைவேறாமல் போயின. குளிர்ந்த நீர் சரியாக ஓடாததால் சனிக்கிழமை கடைக்குப் போனவர்கள் பணம் கட்ட முடியாமல் நின்றார்கள்.

சிங்கப்பூர் ஏன் கதவைச் சாத்தியது?

இந்தத் தொழிலுக்கு இந்த வட்டாரத்தில் முதலில் இடம் கொடுத்தது சிங்கப்பூர்தான். கடலடித் தகவல் கம்பிகள் பல அங்கே வந்து கூடுகின்றன. சட்டதிட்டங்கள் தெளிவாக உள்ளன. ஆகவே 70க்கும் மேற்பட்ட தரவு மையங்கள் அங்கே அமைந்தன. அவற்றின் மொத்தத் திறன் 1,400 மெகாவாட்டைத் தாண்டியது. 2020இல் நாட்டின் மின்சாரத்தில் 7 விழுக்காட்டைத் தரவு மையங்களே பயன்படுத்தின.

நிலமும் குறைவு, மின்சாரத்திற்கு வேண்டிய எரிவாயுவும் வெளியிலிருந்து வரவேண்டும் என்ற நிலையில், 2019இல் சிங்கப்பூர் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தது. 2022இல் கதவைத் திறந்தபோது நிபந்தனைகளோடுதான் திறந்தது. மின்சாரத்தை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துவீர்கள் என்பதைப் போட்டி போட்டு நிரூபிக்கச் சொன்னது. கணினிகளுக்கு 1 யூனிட் மின்சாரம் போனால், குளிர்விப்புக்கும் மற்றவற்றுக்கும் 0.3 யூனிட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது அந்த அளவுகோல்களில் ஒன்று. 2023இல் நான்கு தரப்புகளுக்கு மொத்தம் ஏறக்குறைய 80 மெகாவாட் மட்டுமே வழங்கப்பட்டது. 2024இல் வெளியிட்ட பசுமைத் தரவு மையத் திட்ட வரைவில் மேலும் குறைந்தது 300 மெகாவாட் தர முன்வந்தது.

இன்னொன்றும் செய்தார்கள். வெப்பமண்டல நாடுகளில் தரவு மைய அறையை 26 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் வைத்து இயக்குவதற்கான தரநிலையை 2023இல் வகுத்தார்கள். ஒரு பாகை உயர்த்தினாலே குளிர்விப்புக்கான மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சமாகும். நம் வீட்டில் குளிர்சாதனத்தை 18இல் வைப்பதற்கும் 25இல் வைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

செம்பனைத் தோட்டத்தில் கணினிகள்

கதவு அங்கே சாத்தப்பட்டதும் நிறுவனங்கள் பாலத்திற்கு இப்பக்கம் பார்த்தன. ஜொகூரில் நிலம் உண்டு, மின்சாரம் ஒப்பீட்டளவில் மலிவு, தண்ணீரும் கிடைக்கும். ஒளியிழைக் கம்பியில் தகவல் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் பாய்வதால், சிங்கப்பூருக்கும் கூலாய்க்கும் உள்ள தூரம் கணினிக்குத் தூரமே அல்ல.

கூலாயில் அமைந்துள்ள ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மையப் பூங்காவை எடுத்துக்கொள்வோம். அந்த இடம் முன்பு கூலாய் யங் தோட்டம். ஏறக்குறைய 664 ஹெக்டர் செம்பனை நிலம். 2021இல் ஏறக்குறைய 43 கோடி ரிங்கிட்டுக்கு அதை வாங்க அந்த நிறுவனம் முன்வந்தது. சூரிய மின்சாரத்தையும் பயன்படுத்தி 500 மெகாவாட் அளவுக்குத் தரவு மையங்களை அமைப்பது திட்டம். 2023 டிசம்பரில் என்விடியாவுடன் இணைந்து 430 கோடி அமெரிக்க டாலர் மதிப்பிலான செயற்கை நுண்ணறிவுத் திட்டத்தையும் அறிவித்தது. அதற்கடுத்த ஆண்டு மைக்ரோசாப்ட் 220 கோடி டாலரும், கூகல் 200 கோடி டாலரும் மலேசியாவில் முதலீடு செய்வதாக அறிவித்தன.

ஜொகூர்த் தோட்டங்களில் நம் முன்னோர் முதலில் ரப்பர் மரம் சீவினார்கள், பின்பு செம்பனைக் குலை வெட்டினார்கள். தோட்டம் கைமாறும்போதெல்லாம் மேம்பாடு வருகிறது என்று நமக்குச் சொல்லப்பட்டது. மேம்பாடும் வந்தது. ஆனால் அதில் நம் பங்கு என்ன என்று கேட்டவர்கள் குறைவு. இந்த முறையாவது முன்கூட்டியே கேட்கவேண்டும்.

ஒரே ஆற்றின் தண்ணீர்

ஜொகூர் ஆற்று நீர் ஜொகூர் மக்களுக்கு மட்டும் உரியதன்று. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை அந்த ஆற்றிலிருந்து எடுக்கலாம். அந்த ஒப்பந்தம் 2061 வரை நடப்பில் இருக்கும். ஆற்றின் மேற்பகுதியில் உள்ள லிங்கியூ நீர்த்தேக்கம் 2016 அக்டோபரில், வறட்சியின்போது, கொள்ளளவில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. மழை பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு எச்சரிக்கை தேவையில்லை.

நல்ல வேளையாக, ஜொகூர் மாநில அரசும் விழித்துக்கொண்டது. 2024இல் தரவு மைய விண்ணப்பங்களை ஆராய ஓர் ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தது. அவ்வாண்டு நவம்பருக்குள் அந்தக் குழு ஏறக்குறைய 30 விழுக்காட்டு விண்ணப்பங்களை நிராகரித்திருந்தது. 2025இல் தரவு மையங்களுக்கென்று தனி நீர்க்கட்டணம் நடப்புக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில், தண்ணீரை மிகுதியாகப் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்த மையங்களுக்கு இனி அனுமதி இல்லை என்றும் மாநில அரசு அறிவித்தது.

இதற்கு நல்ல மாற்று வழி ஒன்று உண்டு. கழிவுநீரைச் சுத்திகரித்துக் குளிர்விப்புக்குக் கொடுப்பது. குளிர்விப்புக் கோபுரத்திற்குக் குடிநீர்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சிங்கப்பூரில் 2003 முதல் புதுநீர் என்ற பெயரில் சுத்திகரித்த நீர் தொழிற்சாலைகளுக்கு வழங்கப்பட்டு வருகிறது. நம் குழாயில் வரவேண்டிய குடிநீரைக் கோபுரத்தில் ஆவியாக்குவதற்கும், சாக்கடைக்குப் போக வேண்டிய நீரைத் தூய்மை செய்து ஆவியாக்குவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது.

அயர்லாந்து கற்ற பாடம்

நாம் எங்கே போய் நிற்கக்கூடாது என்பதற்கு அயர்லாந்தைப் பார்க்கலாம். குறைந்த வரியும் குளிர்ந்த காற்றும் இருந்ததால் பெரிய நிறுவனங்கள் எல்லாம் அங்கே தரவு மையம் கட்டின. 2015இல் அந்நாட்டு மின்சாரத்தில் 5 விழுக்காட்டைப் பயன்படுத்திய தரவு மையங்கள் 2023இல் 21 விழுக்காட்டைப் பயன்படுத்தின. நகர்ப்புற வீடுகள் எல்லாம் சேர்ந்து பயன்படுத்தியதைவிட இது அதிகம். மின்கட்டமைப்பு தாங்காது என்ற நிலை வந்த பிறகே தலைநகர் டப்ளின் வட்டாரத்தில் புதிய இணைப்புகளுக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். கட்டி முடித்த கட்டடத்திற்கு மின்சாரம் இல்லை என்று சொல்வதைவிட, கட்டுவதற்கு முன்பே கணக்குப் பார்ப்பது மேல்.

கேட்கவேண்டிய நான்கு கேள்விகள்

ஆகவே நம் வட்டாரத்தில் ஒரு தரவு மையம் வருகிறது என்றால் நகராண்மைக் கழக உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் நான்கு கேள்விகளைக் கேட்கலாம்.

ஒன்று, எத்தனை மெகாவாட், அந்த மின்சாரம் எதிலிருந்து வருகிறது? தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும்தான் வருகிறது. சூரிய மின்சாரம் என்று சொன்னால், சூரியன் மறைந்த பிறகு எது என்று கேட்கவேண்டும்.

இரண்டு, எவ்வளவு தண்ணீர், அது குடிநீரா, சுத்திகரித்த கழிவுநீரா?

மூன்று, புதிய மின்கம்பிகளுக்கும் துணை மின்நிலையங்களுக்கும் யார் பணம் கட்டுகிறார்கள்? நிறுவனம் பெரிய அளவுக்கு மின்சாரம் கேட்டுவிட்டுப் பிறகு பயன்படுத்தாமல் போனால் அந்தச் செலவு யார் தலையில் விழும்?

நான்கு, கட்டுமானம் முடிந்த பிறகு நிரந்தர வேலை எத்தனை, அதில் உள்ளூர்க்காரர் எத்தனை பேர்?

இந்த நான்குக்கும் எழுத்துபூர்வமாகப் பதில் தரும் நிறுவனத்தைத் தாராளமாக வரவேற்கலாம்.

நேயர்களின் கேள்விகள்

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: சில்லுகளின் திறமை ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறதே, மின்சாரத் தேவை தானாகவே குறைந்துவிடாதா?

பதில்: நல்ல கேள்வி ஐயா. ஒரு கணக்கைச் செய்யத் தேவைப்படும் மின்சாரம் உண்மையிலேயே குறைந்துகொண்டுதான் வருகிறது. ஆனால் ஒரு பொருள் மலிவானால் நாம் அதை அதிகமாகப் பயன்படுத்துகிறோம். வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் கூடுதலாக இருந்த காலத்தில் மூன்று நிமிடத்தில் பேசி முடித்தோம். இப்போது மணிக்கணக்கில் முகம் பார்த்துப் பேசுகிறோம். செயற்கை நுண்ணறிவிலும் அதுவே நடக்கிறது. முன்பு எழுத்து மட்டும் கேட்டவர்கள் இப்போது படமும் காணொளியும் கேட்கிறார்கள். மிச்சமாவதைப் புதிய பயன்பாடு விழுங்கிவிடுகிறது.

இல்லத்தரசி ஒருவர்: எங்கள் வீட்டு மின்கட்டணம் இதனால் உயருமா?

பதில்: அம்மா, 2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவில் புதிய மின்கட்டண அமைப்பு நடப்புக்கு வந்தது. அதில் மிக உயர்ந்த மின்னழுத்தத்தில் மின்சாரம் பெறும் பெரிய பயனீட்டாளர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. பெரிய தரவு மையங்கள் அந்தப் பிரிவில் வருகின்றன. இது சரியான திசையில் எடுத்த அடி. ஆனாலும் புதிய மின்நிலையங்கள் கட்டும்போது அந்தச் செலவை எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதைத் தொடர்ந்து கவனிக்கவேண்டும். நான் சொன்ன மூன்றாவது கேள்வி உங்கள் வீட்டு ரசீதைப் பற்றியதுதான்.

தாயார் ஒருவர்: என் மகன் எஸ்பிஎம் எழுதியிருக்கிறான். இந்தத் துறையில் அவனுக்கு வேலை கிடைக்குமா? கணினி படித்தால்தான் முடியுமா?

பதில்: தரவு மையம் என்றதும் கணினிப் படிப்பை மட்டும் நினைக்கிறோம் அம்மா. உள்ளே நிரந்தரமாக வேலை செய்பவர்களில் பலர் மின்சாரத்தையும் குளிர்விப்பையும் பார்த்துக்கொள்பவர்கள். உயரழுத்த மின்சாரத்தைக் கையாளத் தகுதிபெற்ற சார்ஜ்மேன், குளிர்சாதனத் தொழில்நுட்பர், ஒளியிழைக் கம்பி பொருத்துபவர், மாற்று மின்னாக்கி இயந்திரங்களைப் பராமரிப்பவர் ஆகியோர் தேவை. சார்ஜ்மேன் தகுதிச் சான்றிதழை எரிசக்தி ஆணையம் வழங்குகிறது. தொழில்திறன் பயிற்சிக் கழகங்களிலும் பல்தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் மின்சாரத் துறைப் பயிற்சி உண்டு. மகனுக்குக் கைவேலையில் ஆர்வம் இருந்தால் இது நல்ல வழி. ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஒரு மின்னணுத் தொழிற்சாலை ஆயிரக்கணக்கானோருக்கு வேலை தரும். அதைவிடப் பல மடங்கு பணத்தில் கட்டிய தரவு மையம் நூறு, இருநூறு பேரைக் கொண்டே இயங்கிவிடும். இடங்கள் குறைவு என்பதால் முன்கூட்டியே தகுதி பெற்றவர்களுக்கே வாய்ப்பு.

பல்கலைக்கழக மாணவர் ஒருவர்: இவ்வளவு சிக்கல் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாமே?

பதில்: தம்பி, நீங்களும் நானும் இந்தச் சேவைகளைத் தினமும் பயன்படுத்துகிறோம். இங்கே வேண்டாம் என்றால் அது இன்னோர் ஊருக்குப் போகும், அங்குள்ளவர்களின் ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும். நம் தேவைக்கு வேறொருவர் விலை கொடுப்பது நியாயம் ஆகாது. தவிரவும், இந்த நூற்றாண்டின் தொழில்களுக்குக் கணினித் திறன் வேண்டும். நம் நாட்டு மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் சிறு தொழில்களும் அதைப் பயன்படுத்தும் நிலை வரவேண்டும். கட்டடம் மட்டும் இங்கே, பயன் முழுவதும் வெளியே என்றால் நாம் நிலமும் மின்சாரமும் வாடகைக்கு விட்டவர்களாகவே நிற்போம். அனுமதி கொடுக்கும் நேரத்தில்தான் நிபந்தனை விதிக்கும் வலிமை நமக்கு இருக்கிறது. கட்டடம் எழுந்து, கணினிகள் ஓடத் தொடங்கிய பிறகு அந்த வலிமை பாதியாகிவிடும்.

உங்கள் வட்டாரத்தில் புதிய தரவு மையத் திட்டம் ஏதேனும் அறிவிக்கப்பட்டால், இந்த நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதி நகராண்மைக் கழகத்திற்குக் கொண்டுபோங்கள். தனியாகப் போகவேண்டாம். தாமான் குடியிருப்பாளர் சங்கத்தின் பெயரில், கையெழுத்துகளோடு போங்கள்.